வெள்ளிக்கிழமை மகஜர்

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். இரண்டு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் பெட்டி. வெள்ளைக்காரர்களின் பாஸ்போர்ட்டிலிருந்து குப்பத்து ரேஷன் கார்டு வரை என் மெஷின் கண்ணாடியில் குப்புறப் படுக்காத காகிதம் கிடையாது. காகிதம் என்றால் எனக்குத் தெரியாததா என்று ஒரு திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிர் ஒரு வழக்கில் அடங்கிப்போனது.

வழக்கு என்னுடையது இல்லை. ஒரு முன்னாள் அமைச்சருடையது. நிலமில்லாத கூலிக்காரர்களுக்கு அரசாங்கம் எப்போதோ கொடுத்த நிலங்கள் செய்யூர்ப் பக்கம் கடலோரத்தில் இருந்தன. அவர் பதவியில் இருந்தபோது அவற்றை யார் யார் பேரிலோ எழுதி வாங்கி, சுற்றி ஒரே காம்பவுண்டாக எழுப்பி, உள்ளே ரிசார்ட் கட்டிவிட்டார் என்பது புகார். ஆட்சி மாறியது. புதிதாக வந்தவர்கள் தனிப்படை அமைத்தார்கள். வழக்கை நடத்துவதற்கென்றே ஒரு சிறப்பு அரசு வழக்கறிஞரை நியமித்தார்கள். டி.வி.யில் ஒரு வாரம் அதே பேச்சு. ஏழைகளின் கண்ணீருக்குப் பதில் கிடைக்கும் என்று நாலு பேர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

எனக்கு அந்தச் சத்தமெல்லாம் பிடிக்காது. சேனலை மாற்றிவிடுவேன். என் கடையில் டைப் அடிக்கும் பெண்தான் மாற்ற விடமாட்டாள். "இருண்ணா, எங்க நெலத்தக் காட்றானான்னு பாக்குறேன்" என்பாள்.

அவள் கல்பாக்கம் தாண்டி ஒரு காலனியிலிருந்து காலை பஸ்ஸில் வருகிறவள். வேதக்கார வீடு, ஞாயிறு தவறாமல் சர்ச். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று, அவளும் அப்பாவும்தான். அந்த அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் காட்டில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கியும் சவுக்கு வெட்டியும் காலம் தள்ளியவர். அவர் பேரில் இருந்த ஒரே சொத்து அந்தக் கடலோர நிலம்தான். கொஞ்சம் சவுக்கு, ஒரு கிணறு. சுனாமிக்குப் பிறகு நிவாரணம், கணக்கெடுப்பு என்று யார் யாரோ வந்து எதெதிலோ விரலை உருட்டச் சொன்னார்கள். ஊரே உருட்டியது. சில வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால், நிலத்தை விற்றதாகப் பத்திரம் இருக்கிறது, அதில் அவருடைய ரேகையே இருக்கிறது. விரல் நிஜம், விற்றது பொய். இதை எந்த ஆபீசில் போய்ச் சொன்னாலும், "ரேகை உங்களுதுதானே பெரியவரே?" என்று கேட்டு அனுப்பிவிடுவார்கள்.

அந்தத் தனிப்படைக்காரர்கள் ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் கடைக்கு வந்தார்கள், ஏதோ ஆர்டரைப் பிரிண்ட் எடுக்க. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கடை உங்களுதா சார்? ஒரு ரெண்டு மணி நேரம் எங்ககூட வரணும். சாட்சிக் கையெழுத்துக்கு லோக்கல் ஆள் ஒருத்தர் வேணும்."

சோதனை போடும்போது இந்த இடத்தில் இந்தப் பொருளை எடுத்தோம் என்று எழுதி, சம்பந்தமில்லாத வெளியாள் இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குவார்கள். அந்தக் காகிதத்தைத்தான் மகஜர் என்பது. போலீஸ் விவகாரத்தில் தலையைக் கொடுத்தால் எப்போது எடுப்போம் என்று தெரியாது. முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் அவள் எழுந்து வந்து நின்றாள். எந்த ரிசார்ட் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"போய்ட்டு வாண்ணா. கடைய நான் பாத்துக்குறேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கப்பா பேரு எங்கனா கீதான்னு பாருண்ணா."

போனேன். இன்னொரு சாட்சி அந்தக் கிராமத்து உதவியாளர். ரிசார்ட்டில் மேனேஜர் அறை பீரோவில், துவைத்து அடுக்கிய படுக்கை விரிப்புகளுக்கு அடியில் ஒரு நீள நோட்டு கிடைத்தது. பள்ளிக்கூட நோட்டு மாதிரி பழுப்பு அட்டை போட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். ஒவ்வொரு வரியிலும் சர்வே நம்பர், நிலத்துக்காரர் பேர், யார் பேரில் மாற்றியது, ரேகை வாங்கி வந்த ஆள் யார் என்று வரிசையாக எழுதியிருந்தது. களவாணித்தனத்தில் இவ்வளவு ஒழுங்கை நான் எதிர்பார்க்கவில்லை. நாலாவது பக்கத்தில் பெரியவர் பேரைப் பார்த்தேன். இவ்வளவு நாள் அவர் ஆபீஸ் ஆபீசாகப் போய்ச் சொன்னது அத்தனையும் எதிராளியின் கையெழுத்திலேயே இருந்தது.

அங்கேயே மகஜரை டைப் அடித்து எடுத்துக்கொண்டு வந்தார்கள். முடிந்த நேரம் பதினொன்றேகால் என்று அச்சாகியிருந்தது. பேனாவை என்னிடம் நீட்டினார்கள். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

"சார், ராகு காலம் நடக்குது" என்றேன்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? கடை வைப்பதற்கு முன்னால் பத்திர எழுத்தரிடம் வேலை பார்த்தவன் நான். பத்திரம் தயாராக இருக்கும், பணம் கைமாறியிருக்கும், வாங்குகிறவரும் விற்கிறவரும் பெஞ்சில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வெள்ளிக்கிழமை என்றால் பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை எங்கள் பக்கத்தில் ஒருவரும் நிலத்துக் காகிதத்தில் பேனாவை வைக்க மாட்டார்கள். பத்திர ஆபீஸ்காரர்களே அந்த நேரத்தில் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அன்றைக்கு வேறு எவனுடைய விவகாரமாக இருந்தாலும் ஒருவேளை கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன். நாலாவது பக்கத்தைப் பார்த்துவிட்ட பிறகு எனக்கு மனசு வரவில்லை. பெரியவர் நிலம் திரும்பி வரப்போகிற காகிதம், நல்ல நேரத்தில் போடுவோம் என்று பட்டது. நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். இதை இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. அவர் நெற்றியிலும் குங்குமம் இருந்தது. "அதுவும் சரிதான் சார். நல்ல காரியம் நடக்குது. பன்னெண்டு தாண்டியே போடுங்க" என்றார். கிராம உதவியாளரும் தலையை ஆட்டினார். இதற்குள் மேலதிகாரியிடமிருந்து போன் மேல் போன். எடுத்த பொருளை சீல் வைத்து வண்டியில் ஏற்றச் சொன்னார். நோட்டை ஒரு காக்கி உறையில் போட்டு, அரக்கு வைத்து, வெளியே நின்ற வேனில் கொண்டுபோய் வைத்தார்கள். நாங்கள் நீச்சல் குளத்துப் பக்கம் உட்கார்ந்து இளநீர் குடித்தோம். பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிஷம் ஆனதும் முருகனை நினைத்துக்கொண்டு எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். உறை மேல் ஒட்டுவதற்கான சீட்டிலும் போட்டுக் கொடுத்தேன். ஒரு போலீஸ்காரர் அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு வேன் பக்கம் போனார்.

கடைக்குத் திரும்பியதும் அவளிடம், "உங்கப்பா பேரு இருக்குதும்மா, நாலாவது பக்கம்" என்றேன். அவள் சேரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து, காத்திருந்தவருக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த மாதம் சிறப்பு வழக்கறிஞரே காரில் காலனிக்கு வந்தார். நல்ல மனிதர். பெரியவர் பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, "ஐயா, நோட்டு கிடைச்சிடுச்சு. உங்க நிலம் உங்களுக்கு வந்துடும்" என்று கையைப் பிடித்துச் சொன்னார். பெரியவர் அந்தக் கையை விடவே இல்லை என்று அவள் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் வேறெதையும் நம்பவில்லை. வேறு இடத்தில் மனை தருகிறோம், எழுதிக் கொடுங்கள் என்று தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்தபோது, "என் நெலம் கேஸ்ல கீது, வேற இன்னாத்துக்கு?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவளுக்கு நாவலூரில் ஒரு கம்பெனியில் டேட்டா என்ட்ரி வேலை வந்தது, என்னிடம் வாங்குவதைவிட எவ்வளவோ அதிகச் சம்பளம். "கேஸ் முடியட்டும்ணா. நெலம் வந்துட்டா அங்க ஒரு வூடு போட்டுனு அப்பாவ வெச்சினு இருப்பேன், நாவலூர் போய் இன்னா பண்றது" என்று விட்டுவிட்டாள். நான் தடுக்கவில்லை. எனக்கும் ஆள் வேண்டியிருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

குற்றப்பத்திரிகை தாக்கலானது. ஒவ்வொரு எதிரிக்கும், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கும், ஒரு முழு செட் நகல் தர வேண்டும் என்பது சட்டம். செங்கல்பட்டு கோர்ட்டில் அதை மூட்டை கட்டி வேனிலிருந்து இறக்கியதை நான் பார்த்தேன். பாதிப் பக்கம் சாய்ந்து விழுந்திருக்கிறது, பாதி மங்கல். எந்தக் கடையில் எடுத்தார்களோ, டோனரைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்திருக்கிறான். என்னிடம் கொடுத்திருந்தால் கண்ணாடி மாதிரி எடுத்துக் கொடுத்திருப்பேன் என்று எரிச்சலாக இருந்தது. அந்த மூட்டைகளை வைக்க இரும்பு ரேக் வாங்கினார்கள். அந்த வழக்குக்கென்று ஒதுக்கிய ஹாலுக்கு ஏ.சி. போட்டார்கள். வழக்கறிஞருக்கு ஆபீஸ், கார், அதற்கு டிரைவர், கூட இரண்டு ஜூனியர். எதிரிகள் வருகிற நாளில் வாசலில் இரண்டு வேன் போலீஸ். எங்கள் தெரு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், இதற்கெல்லாம் எவ்வளவு செலவாயிற்று என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டார். மனுவை நாங்கள்தான் டைப் அடித்தோம். மூன்று மாதம் கழித்து, கோரப்பட்ட தகவல் தொகுத்து வைக்கப்படவில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்த ஒற்றை வரியை அனுப்பப் பதிவுத் தபால் வேறு.

நான் சாட்சி சொல்ல அழைக்கப்பட்ட நாட்களை எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டேன். சம்மன் வரும். காலையில் கடையை அவளிடம் விட்டுவிட்டு திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்து செங்கல்பட்டு போவேன். வராந்தாவில் நிற்பேன். டவாலி என் பேரை மூன்று தடவை கூப்பிடுவான். உள்ளே போனால், முதல் எதிரிக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அடுத்த தடவை வக்கீல்கள் கோர்ட் புறக்கணிப்பு. அதற்கடுத்த தடவை ஜட்ஜ் மாறுதலில் போய்விட்டார், புதியவர் இன்னும் பொறுப்பேற்கவில்லை. ஒரு தடவை வழக்குக் கட்டு கிடைக்கவில்லை. அத்தனை ரேக் வாங்கியும் எந்த ரேக்கில் எது இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. வாய்தா, வாய்தா, மறுபடி வாய்தா. சாட்சிப் படி என்று ஏதோ கொடுப்பார்கள், அது வாங்குவதற்கு நிற்கிற நேரத்துக்குக் கட்டாது என்று வந்துவிடுவேன்.

மாலையில் கடைக்கு வந்தால் அவள் முகத்தைப் பார்க்காமல் பையை மாட்டுவேன். அவளே கேட்பாள்.

"இன்னாண்ணா ஆச்சு?"

"தள்ளிட்டாங்கம்மா."

"சரி வுடு. நாஸ்தா துன்னியா?"

இதற்குள் ஆட்சி மறுபடி மாறியது. காலனிக்கு வந்து கையைப் பிடித்த அந்த வழக்கறிஞர் ராஜினாமா கொடுத்துவிட்டார். அடுத்து வந்தவர் கட்டுகளைப் படிக்க அவகாசம் கேட்டார். படித்து முடிப்பதற்குள் அவரையும் மாற்றினார்கள். மூன்றாவதாக வந்தவர் எந்த ஊர்க்காரர் என்றுகூட எனக்குத் தெரியாது. கூட்டுச் சாட்சியான கிராம உதவியாளர் கூண்டில் ஏறி, நான் அந்த ரிசார்ட்டுக்கே போனதில்லை, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப்போனார். என்னோடு உட்கார்ந்து இளநீர் குடித்த ஆள். ஆக நோட்டுக்கு நான் ஒருவன்தான் மிச்சம்.

எனக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. உங்கள் கடையில் வேலை செய்கிற பெண் யார், அவள் அப்பா பேர் அந்த நோட்டில் இருக்கிறதா இல்லையா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டுவிட்டால், நான் சம்பந்தமில்லாத ஆள் என்பது நிற்காது. அதற்கு என்ன பதில் சொல்வது என்று பல வருஷம் யோசித்தேன். குளிக்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். உண்மையைச் சொல்வது, ஆனால் பார்த்ததை மட்டும் சொல்வது என்று முடிவுக்கு வந்திருந்தேன்.

கடைசியில் என் நாள் வந்தது. அரசு வழக்கறிஞர் வராந்தாவில் நின்றபடி என் வாக்குமூலத்தைப் புரட்டிக்கொண்டே, "கேட்டதுக்கு மட்டும் ஆமா, இல்லைன்னு சொல்லுங்க" என்றார். அதுதான் அவர் எனக்குத் தந்த பயிற்சி.

எதிர்த்தரப்பில் சென்னையிலிருந்து வந்த பெரிய வக்கீல். ரொம்ப மரியாதையானவர். குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

"உங்களுக்கு சாமி நம்பிக்கை உண்டா?"

"உண்டுங்க."

"நல்ல நேரம், கெட்ட நேரம் பார்ப்பீங்களா?"

"பார்ப்பேன்."

"சோதனை நடந்தது என்ன கிழமை?"

"வெள்ளிக்கிழமைங்க."

"மகஜர் முடிஞ்ச நேரம் பதினொண்ணேகால்னு போட்டிருக்கு. வெள்ளிக்கிழமை பதினொண்ணேகால்னா என்ன நேரம் சார்?"

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. கேள்வி எனக்குச் சாதகமாகப் போகிறது என்றே நினைத்தேன்.

"ராகு காலம்" என்றேன்.

"ராகு காலத்துலயா இதுல கையெழுத்து போட்டீங்க?"

"நான் எப்பவும் போட மாட்டேங்க. பன்னெண்டு தாண்டித்தான் போட்டேன்."

சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அந்த நேரத்துல நோட்டு எங்க இருந்துச்சு?"

"சீல் வெச்சு வேன்ல ஏத்திட்டாங்க."

"நீங்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே?"

"ஆமாங்க."

"உங்க கையெழுத்து இருக்கிற சீட்டை அந்த உறையில யார் ஒட்டினாங்க, எப்ப ஒட்டினாங்க, பார்த்தீங்களா?"

நான் அரசு வழக்கறிஞரைப் பார்த்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜட்ஜ் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பார்க்கலைங்க" என்றேன்.

வேறென்ன சொல்வது? பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சத்தியம் செய்துவிட்டு ஏறியவன் நான். அதோடு, அவர் எவ்வளவு தூரம் தெரிந்துவைத்துக்கொண்டு கேட்கிறார் என்றும் எனக்குத் தெரியவில்லை. "அவ்வளவுதான் மை லார்ட்" என்று அவர் உட்கார்ந்துவிட்டார். பல வருஷம் ஒத்திகை பார்த்த கேள்வியை அவர் கேட்கவே இல்லை. கேட்கத் தேவையே இல்லாமல் போய்விட்டது, பீரோவில் எடுத்த நோட்டுதான் அந்த உறைக்குள் இருக்கிறது என்று சொல்ல ஆளே இல்லை.

பஸ்ஸில் வரும்போதுதான் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தேன். யோசிக்கவே வேண்டியதில்லை. சொன்னவன் நான்தான். எங்கள் கடைக்கு எதிர் டீக்கடையில் இந்தக் கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "அவ்ளோ பெரிய போலீஸ் பட்டாளத்தையே முக்கா மணி நேரம் ஒக்கார வெச்சேன் மச்சான், ராகு காலத்துக்காக" என்று சொல்லுவேன், எல்லோரும் சிரிப்பார்கள். கேட்டவர்களில் எவன் எங்கே போய்ச் சொன்னானோ. கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது? என் வாயை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

தீர்ப்பு நாளன்று சம்மன் இல்லாமலே போனேன். கூட்டத்தில் உள்ளே நுழைய முடியவில்லை. நோட்டு கைப்பற்றப்பட்ட விதம் நம்பும்படியாக இல்லை, சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்குக் கொடுத்து எல்லோரையும் விடுதலை செய்கிறேன் என்று ஜட்ஜ் படித்ததாக வெளியே வந்தவர்கள் சொன்னார்கள். சரவெடி வெடித்தது. கட்சிக்காரர் ஒருவர் தாம்பாளத்தோடு வந்து, நான் யாரென்று தெரியாமல், என் கையில் ஒரு லட்டைத் திணித்தார். "எடுத்துக்கோ அண்ணாத்த, தலைவர் ஜெயிச்சுட்டாரு." வேண்டாம் என்று சொல்லவும் எனக்குத் தெம்பில்லை. அதைப் பிடித்துக்கொண்டே பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன், பிசுபிசுத்துப்போன பிறகு குப்பைத் தொட்டியில் போட்டேன். கையைத் துடைத்துக்கொள்ளக் கர்சீப்கூட இல்லை.

கடைக்கு வந்தபோது அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. போனில் பார்த்துவிட்டாள். யாருடைய சாதிச் சான்றிதழையோ லேமினேஷன் பெட்டிக்குள் விட்டுக்கொண்டிருந்தாள். அது மறுபக்கம் முழுசாக வெளியே வந்ததும் எடுத்து மேஜையில் வைத்தாள். நான் கூண்டில் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அதுவரை அவளிடம் அதை மறைத்துவைத்திருந்தேன்.

"நீ இன்னாண்ணா பண்ணுவ? பாத்தத்தானே சொன்ன" என்றாள்.

அதோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். இரண்டு வாரம் அப்படியே போயிற்று. ஒரு மத்தியானம், கடையில் ஆளில்லாத நேரத்தில், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"நாங்க வேதக்காரங்கண்ணா. எங்கப்பா நெலத்துக்கு நீ இன்னாத்துக்குண்ணா ராகு காலம் பாத்த?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. டைப் அடிப்பதைத் தொடர்ந்தாள். நான் எழுந்து வெளியே போய், காரணமே இல்லாமல் பஸ் ஸ்டாண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன்.

அப்பீல் போகலாம் என்று வாத்தியார் சொன்னார். மனு டைப் அடித்து எடுத்துக்கொண்டு அரசு வழக்கறிஞர் ஆபீசுக்குப் போனேன். ஆபீஸ் காலி. நியமனக் காலம் முடிந்துவிட்டதாம். மேஜை, நாற்காலியெல்லாம் சரிபார்த்து லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அப்பீல் போவதா வேண்டாமா என்று அரசு முடிவு செய்யும், நீங்கள் வெறும் சாட்சி, உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை என்று அங்கிருந்த கிளார்க் சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார். சாதாரண கோர்ட்டில் தனியாக ஒரு சிவில் வழக்குப் போடலாம் என்று ஒரு வக்கீல் யோசனை சொன்னார். எவ்வளவு காலமாகும் என்று கேட்டேன். அவர் பெரியவருக்கு என்ன வயசு என்று கேட்டார். சொன்னேன். அதற்குமேல் அவர் அந்த யோசனையைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் சர்ச்சிலிருந்து வந்திருப்பார்கள் என்று கணக்குப் பண்ணிக் காலனிக்குப் போனேன். பெரியவரிடம் நானே சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று போனேன். வாசலிலேயே அவள் என்னை மறித்தாள். "அப்பாவுக்கு இன்னும் சொல்லலண்ணா. சொல்ல வாய் வர்ல" என்றாள். கெஞ்சவில்லை. சும்மா சொன்னாள்.

பெரியவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. குரலை வைத்து என்னைக் கண்டுகொண்டு கட்டிலில் நகர்ந்து இடம் விட்டார். முதல் வழக்கறிஞர் உட்கார்ந்த அதே இடம்தானாம். உட்கார்ந்தேன்.

"வா நைனா. கேஸு எப்டி போவுது?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். பாத்திரத்தின் சத்தம் நின்றுவிட்டது.

"நடந்துகினு கீது பெரியவரே" என்றேன். அவர்கள் பேச்சு எப்படியோ என் வாயில் வந்துவிட்டது.

"அட்த்த வாய்தா எப்போ?"

நான் ஒரு தேதி சொன்னேன். வாயில் வந்த தேதி. அவர் மகளைக் கூப்பிட்டு, சர்ச் காலண்டரில் அந்தத் தேதியைச் சுழித்துவைக்கச் சொன்னார். அவள் வந்து சுழித்தாள்.

அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை போகிறேன். போகாமல் இருந்தால் அவர் மகளை நச்சரிக்கிறார். வாய்தா தள்ளிப்போனதற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குப் பஞ்சமில்லை, அந்த வராந்தாவில் நின்று நின்று கேட்டதெல்லாம் மனப்பாடம். எதிரிக்கு நெஞ்சு வலி என்று ஒரு மாதம் சொன்னேன். ஜட்ஜ் மாறிவிட்டார் என்று ஒரு மாதம். கூண்டில் ஏறி ஒரு பொய் சொல்ல வராதவன், இப்போது அந்தக் கட்டிலில் உட்கார்ந்து மாதாமாதம் அளக்கிறேன். அவளும் நானும் இதைப் பற்றிக் கடையில் பேசுவதே இல்லை. போன மாதம் நான் திணறியபோது, "வக்கீலுங்க ஸ்ட்ரைக்குப்பா" என்று அடுப்படியிலிருந்து அவளே எடுத்துக் கொடுத்தாள்.

பெரியவர் கையால் துழாவி என் முழங்காலைத் தட்டினார்.

"வுடு நைனா, எனக்கு இன்னா, வூட்ல குந்திகினு கீறேன். உனுக்குத்தான் பாவம், என்னால இவ்ளோ அலைச்சல்."